உரிச்சாச்சு, அடுத்து என்ன பூசுறது? – பாலிஷ் மாஸ்டர் பதில்கள்

சென்ற இதழில், பழைய மரச்சாமானில் இருக்கும் பெயின்டையும் பாலிஷையும் உரித்து, உப்புத்தாள் போட்டு, மரத்தை வெறும் மரமாக எடுப்பது வரை எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தியது என் தப்பு. ‘உரிச்சுட்டோம், மொட்டையா நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க’ என்று ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: 1978-ல், பதினைந்து வயதில், காரைக்குடியில் தாய்மாமாவிடம் பஞ்சு பிழியப் போனவன் நான். விரல் நகத்தில் ஏறிய அரக்கு நிறம் இன்னும் போகவில்லை.

கே: மாமனார் காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகை. பச்சை பெயின்டை உரித்துவிட்டோம். பாலிஷ் போட வந்த பையன், ‘பி.யு. அடிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா’ என்கிறான். என் கணவருக்குப் பிரெஞ்சு பாலிஷ்தான் வேண்டும். மாமியார், ‘தேங்காயெண்ணெய் தேய்ச்சாப் போதும், எங்க வீட்ல அதான்’ என்கிறார். நாலு வயதுப் பையன் ஊஞ்சலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

ப: கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் கணவர் பக்கம் சாய்ந்திருப்பேன். பையன் ரசம் சாதத்தைக் கொட்டுவான். பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட் என்கிற ஆல்கஹாலில் கரைத்த அரக்கு, ரசத்தைத் தாங்காது.

முதலில் மாமியாரிடம் பதமாகச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். எத்தனை வருஷம் ஆனாலும் மரத்துக்குள் எண்ணெயாகவே கிடக்கும். பத்து நாள் மினுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும், சிக்கு வாடை வரும். அவர் காலத்தில் சரியாக இருந்தது என்றால், நாள் முழுக்க யாராவது உட்கார்ந்து வேட்டியாலும் சேலையாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, எண்ணெய் ஊறிய பலகையில் பின்னால் எந்தப் பாலிஷும் பிடிக்காது. இதுவரை தேய்க்காமல் இருந்தால் நல்லது, தேய்க்க விடாதீர்கள்.

பையன் சொன்ன பி.யு. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகைப் பூச்சு) சரி. ‘கண்ணாடி மாதிரி’ என்றானே, அதுதான் வேண்டாம். பளபளக்கும் பி.யு.வில் வளையல் கீறினாலும் தெரியும், சாவிக்கொத்து கீறினாலும் தெரியும். கீறின இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுப் பலகையையும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். மேட், அதாவது பளபளக்காத வகை வாங்குங்கள். கீறல் தெரியாது. மரம் மரமாகத் தெரியும்.

பூசுவதற்கு முன்னால்தான் முக்கால்வாசி வேலை. 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 180, 220 என்று ஏற்றுங்கள், நம்பர் ஏற ஏறத் தாள் நைசு. ரேகை போகும் திசையில் மட்டும் இழுங்கள். தேக்குக்கு 220 போதும், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பிடிமானம் குறையும். பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பலகையை ஒரு தடவை துடையுங்கள். காய்ந்ததும் கையை வைத்துப் பார்த்தால் இரண்டு நாள் தாடி மாதிரி சொரசொரக்கும். மரத்தின் நார் நீர்பட்டு எழுந்து நிற்கிறது. அதை இப்போதே எழுப்பி 220-ஆல் லேசாக வழித்துவிட்டால், பூசின பிறகு எழாது.

இருட்டியதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பலகையிலேயே படுக்க வைத்துப் பாருங்கள். வெளிச்சம் மரத்தோடு ஒட்டி ஓடும்போது, பகலில் காணாத குறுக்குக் கீறல் எல்லாம் பள்ளமும் மேடுமாகத் தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. மரம் ஈரமாக இருக்கும் அந்த அரை நிமிஷத்தில் என்ன நிறம், என்ன குறை தெரிகிறதோ, ஏறத்தாழ அதுதான் பாலிஷுக்குப் பிறகும் தெரியும். ‘பூசினா மறைஞ்சிடும்’ என்று சொல்கிற பாலிஷ்காரரை அனுப்பிவிடுங்கள். பூசினால் எதுவும் மறையாது, எடுத்துக்காட்டும்.

தேக்கு தானே எண்ணெய் உள்ள மரம். கரையான் அதன் வைரத்தைச் சீக்கிரம் தொடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், பூச்சு உரிந்து வருவதற்கும் அதுதான் காரணம். அதனால் முதல் கோட் அடிக்கும் அன்று, அடிப்பதற்குச் சற்று முன், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் மஞ்சள் பழுப்பு ஏறுவது குறைகிற வரை துணி மாற்றுங்கள். முந்தின நாளே துடைத்து வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் ராத்திரி மேலே வந்துவிடும். அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்கட்டும். தின்னர் ஆவி தரையோடு படர்ந்து பக்கத்து அறை வரை போகும்.

அப்புறம் மரத்தின் துளையை அடைக்கும் சீலர் ஒரு கோட், மேலே மேட் மூன்று கோட், எல்லாம் மெல்லிசாக. டப்பாவில், பூச்சை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் எத்தனை பங்கு என்று போட்டிருக்கிறதோ அத்தனை பங்கு, அளந்து. ‘கொஞ்சம் கூட ஊத்தினா நல்லா இறுகும்’ என்பது சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற கணக்கு, இங்கே பலிக்காது. கூடினால் வெடிக்கும், குறைந்தால் காயாது. கோட்டுக்குக் கோட் 320 அல்லது 400 தாளால் லேசாகத் தடவி, தூளைத் துடைத்துவிட்டு அடுத்தது.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுவார்கள்: பலகையின் அடிப்பக்கம். ‘யார் பாக்கப்போறா’ என்று விட்டுவிடுவார்கள். மேலே மட்டும் அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் அடிப்பக்கம் மட்டும் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பக்கம் அப்படியே இருக்கும். பலகை தட்டு மாதிரி வளைந்துவிடும். மேல், கீழ், நாலு ஓரம் ஆக ஆறு பக்கமும் அதே எண்ணிக்கைக் கோட். சங்கிலி மாட்டும் துளைக்குள்ளும் குச்சியில் பஞ்சு சுற்றித் தடவுங்கள். அந்தத் துளை வழியாக இறங்கும் தண்ணீர் இரும்போடு சேர்ந்துதான் துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் போடுகிறது.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள். மறுநாளே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இறுகியிருக்காது.

கணவரிடம் சொல்லுங்கள்: வீட்டில் பிள்ளை தொடாத அலமாரி ஒன்று இருக்குமே, அதற்குப் பிரெஞ்சு பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

கே: பிரெஞ்சு பாலிஷ் பாட்டில் வீட்டில் இருந்தது. நாலு கோட் போட்டேன். பன்னிரண்டு நாளாகியும் நாற்காலிக் கையில் விரல் ஒட்டுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

ப: ‘வீட்டில் இருந்தது’ என்கிறீர்களே, எத்தனை வருஷமாக? பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. கரைத்த நாளிலிருந்து அதற்கு வயசு ஏற ஆரம்பித்துவிடும். ஆறு மாசம் நன்றாக இருக்கும், ஒரு வருஷம் தாண்டினால் நம்ப மாட்டேன். பழசானது எத்தனை நாளானாலும் கல்லு மாதிரி இறுகாது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். நாற்காலிக் கையை ஸ்பிரிட் துணியால் துடைத்தால் எல்லாம் கரைந்து வந்துவிடும். இந்தப் பாலிஷில் தப்பு பண்ணினாலும் திருத்திக்கொள்ளலாம். நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அரக்குச் செதிலாக வாங்கி நீங்களே கரையுங்கள். புரசு, இலந்தை மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி உடம்பிலிருந்து கசியவிட்டுக் கட்டும் கூடுதான் அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் அதிகம். ராஞ்சியில் 1924-லேயே அதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள். (நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் வந்ததும் அந்தப் புரசு மரத்தால்தான் என்பார்கள்.) ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 140, 150 கிராம் செதில். கண்ணாடி பாட்டிலிலோ பிளாஸ்டிக்கிலோ போடுங்கள், இரும்பு டப்பா வேண்டாம், கறுத்துவிடும். ராத்திரி ஊற வைத்து, அவ்வப்போது குலுக்கி, காலையில் மல் துணியில் வடிகட்டுங்கள். சீக்கிரம் கரைய வேண்டும் என்று அடுப்பில் வைக்காதீர்கள். அரக்கு மாளிகையை எதற்குக் கட்டினார்கள் என்று பாரதம் படித்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஸ்பிரிட்டும் கூடச் சேர்ந்திருக்கிறது.

பூசுவதற்குப் பஞ்சை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, பலதடவை துவைத்த பழைய வேட்டித் துணியில் பொட்டணம் கட்டுங்கள். பாலிஷைப் பஞ்சில் ஊற்ற வேண்டும், துணியின் மேல் அல்ல. உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்தால் ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. மாமா எனக்கு முதலில் மரத்தையே தரவில்லை. இரண்டு மாசம் பழைய கதவு ஒன்றில் வெறும் ஸ்பிரிட்டை வைத்துக் கையோட்டம் பழகினேன். தோசைக்கல்லில் மாவைச் சுற்றுகிற மாதிரி சின்னச் சின்ன வட்டமாக, பக்கத்து வட்டத்தின் மேல் பாதி ஏறி ஏறிப் போகணும். கை எங்கேயும் நிற்கக் கூடாது. கோலம் போடுகிறபோது கை நின்றால் மாவு குவிகிற மாதிரி, பொட்டணம் நின்ற இடத்தில் ஏற்கெனவே காய்ந்த கோட் இளகி ஒட்டிக்கொண்டு வரும். பொட்டணம் இழுக்க ஆரம்பித்தால் அடியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு.

எத்தனை கோட் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரேகையின் துளை எல்லாம் நிரம்பி, ஜன்னல் கம்பி அதில் நேராகத் தெரிகிற வரை. நாற்காலிக் கைக்கு மூன்று நாள், காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்.

கே: பழைய மேசை வாங்கினேன். ‘பாலிஷ் போட்டது’ என்கிறார் கடைக்காரர். என்ன பாலிஷ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் மேலேயே பூசலாமா?
– வாசகர், சேலம்

ப: மேசைக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்து இளகினால் அரக்கு. இளகவில்லையா, தின்னர் தொட்டு வையுங்கள். அதில் இளகினால் என்.சி. லாக்கர் (தின்னரில் கரையும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு). இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் (அதுவும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பூச்சுதான்) அல்லது பி.யு. அரக்கு மேல் அரக்கு, லாக்கர் மேல் லாக்கர் போட்டால் பழசும் புதுசும் கரைந்து ஒன்றாகிவிடும். மெலமைனும் பி.யு.வும் அப்படிக் கரையாது. 320 தாளால் தேய்த்து மங்கவைத்தால்தான் புதுக் கோட் பிடிக்கும்.

கொரோனா சமயத்தில் இந்தச் சோதனையை ஊரே தெரியாமல் செய்துகொண்டிருந்தது. சானிடைசர் பாட்டில் வைத்த இடமெல்லாம் பாலிஷ் வழிந்து, வரவேற்பு மேசைகள் எத்தனை என் பட்டறைக்கு வந்தன தெரியுமா? சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால், அரக்கு கரைவதும் ஆல்கஹாலில்.

கே: டைனிங் டேபிளில் காபி டபரா வைத்த இடத்தில் வெள்ளை வட்டம். இன்னொரு மூலையில் பூந்தொட்டி வைத்த இடத்தில் கறுப்பு வட்டம். இரண்டையும் எடுக்க ஒரே மருந்து உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: இல்லை. வெள்ளை, பாலிஷில் இருக்கிறது. கறுப்பு, மரத்தில் இருக்கிறது.

சூடும் ஈரமும் அரக்குக்குள் புகுந்தால் வெள்ளை பூக்கும். சில சமயம் இரண்டு நாளில் தானே போய்விடும். போகாவிட்டால், ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற துணியால் ஒரே ஒரு வீச்சு. நின்று தேய்த்தால் பாலிஷே போய்விடும்.

கறுப்பு எடுக்கப் பாலிஷை உரித்தாக வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட், பிளாஸ்டிக் பாத்திரத்தில். கையுறை போட்டுத் தடவி, கறுப்பு வெளுத்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தடவை துடைத்து எடுங்கள். இது விஷம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது, சமையலறைப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. காய்ந்த பிறகு உப்புத்தாள் போடும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், தூள் தொண்டையைப் பிடிக்கும்.

கே: ஈட்டி மர மேசை. உரித்துவிட்டு, கடையில் கொடுத்த பி.யு. வார்னிஷை அடித்தேன். இருபது நாளாகியும் காயவில்லை. டப்பா தேதி சரியாகத்தான் இருக்கிறது. வெயிலில் வைக்கலாமா?
– வாசகர், உதகமண்டலம்

ப: வைக்காதீர்கள், மேசை வெடித்துவிடும். டப்பா மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. மரத்தின் குணம் அது. இந்தப் பாடத்துக்கு நான் கட்டின பீஸ் கொஞ்சம் அதிகம்.

1991-ல் தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிது. ஒரு வீட்டில் எட்டுப் பேர் உட்காரும் ஈட்டி மர மேசை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அரக்கு வேலைக்கு நாளாகும் என்று, அப்போது புதுசாகப் பேசப்பட்ட பி.யு. வார்னிஷை நேராக மரத்தில் அடித்தேன். மறுநாள் ஒட்டியது. ஐந்தாம் நாள் ஒட்டியது. ஃபேன் போட்டேன், அறைக்குள் நூறு வாட் பல்பு எட்டு தொங்கவிட்டேன். பதினைந்தாம் நாள் வீட்டுப் பெரியவர் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். கை ரேகை அஞ்சு விரலும் அச்சு அசலாக மேசையில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

மாமாவைக் கூட்டிவந்தேன். மேசையை மோந்து பார்த்தார், சிரித்தார். ‘ஈட்டிக்கு நேரா எண்ணெய்ச் சரக்கு வைப்பானாடா?’ என்றார். ஹார்டனர் கலக்காத இந்த வகை வார்னிஷ் காற்றைக் குடித்துத்தான் இறுகுகிறது. ஈட்டி மரத்துக்குள் இருக்கும் சத்து அந்த இறுக்கத்தை நடக்கவிடாமல் தடுக்கிறது. மேல்தோல் காய்ந்த மாதிரி இருந்தாலும் மரத்தை ஒட்டிய அடுக்கு கோந்தாகவே நிற்கும். மருந்து, முதலில் அரக்கு. அரக்கு ஸ்பிரிட் பறந்தால் காய்ந்துவிடும், மரத்தின் தயவு அதற்கு வேண்டியதில்லை. அரக்கு ஒரு சுவர் மாதிரி நடுவில் நின்றுகொள்ளும், அதன் மேல் என்ன வேண்டுமானாலும் போடலாம்.

அன்று ராத்திரியே தின்னரில் வழித்து எடுத்தோம். நீங்களும் அதையே செய்யுங்கள். தின்னரால் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, அரக்கு இரண்டு மெல்லிய கோட். மேலே பி.யு. போடுவதாக இருந்தால் மெழுகு நீக்கிய அரக்கு வாங்குங்கள். சாதா அரக்கில் இயற்கையாகவே மெழுகு உண்டு, அதன் மேல் பி.யு. பிடிக்காமல் செதிலாக உரியும். கிடைக்காவிட்டால் கரைத்த அரக்கை உயரமான பாட்டிலில் ஒரு வாரம் ஆட்டாமல் வையுங்கள். மெழுகு பால் மாதிரி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசை ஓரத்தில் வெள்ளைக் கட்டை பதித்த கோடு இருக்கிறதா? இருந்தால் ஸ்பிரிட் துணியைக் குறுக்கே இழுக்காதீர்கள். ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கசிந்து வெள்ளைக் கோட்டைத் தாம்பூலம் போட்ட வாய் மாதிரி ஆக்கிவிடும். முதலில் சின்னப் பிரஷ்ஷால் வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் அரக்கு, அது காய்ந்த பிறகு மற்ற இடம்.

கல்யாணம் என்னாச்சு என்று கேட்பீர்கள். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துச் சமாளித்தார்கள். கூலி வாங்கவில்லை.

கே: பேரனுக்கு நான் நடந்த அதே நடைவண்டியைக் கொடுக்க ஆசை. சிவப்பும் மஞ்சளுமாகப் பழைய பெயின்ட் பாதி உரிந்து நிற்கிறது. தேய்த்துவிட்டு என்ன பூசலாம்? கடித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வேண்டும்.
– வாசகர், திருச்சி

ப: ‘தேய்த்துவிட்டு’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர்ந்த உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறந்து, தவழ்கிற பிள்ளையின் கையில்தான் போய்ச் சேரும். பெயின்ட் ரிமூவர் போட்டு, ஈரமாகவே சுரண்டுங்கள். வீட்டுக்கு வெளியே, பழைய செய்தித்தாள் விரித்து. மிச்சத்துக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துடைத்த துணியோடு தாளையும் மடித்துக் கட்டி எறியுங்கள். பேரன் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பூசுவதற்கு அரக்கைவிட நல்லது எனக்குத் தெரியாது. மாத்திரைக்கு மேலும் மிட்டாய்க்கு மேலும் பளபளப்புக்குப் பூசுவது சுத்தம் செய்த அரக்குதான். இ-904 என்று அட்டையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். ஸ்பிரிட் முழுக்கப் பறக்கட்டும், ஒரு வாரம் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள். கலர் வேண்டுமா? கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மைக்கு வர்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் அப்படி ஒரு மினுக்கு. நடைவண்டிச் சக்கரத்தைக் கடைசல்காரரிடம் கொடுத்தால் இதைச் செய்து தருவார். கம்பிகளுக்கு வெறும் அரக்கு போதும், மரநிறமே அழகு.

மெலமைன் மட்டும் வேண்டாம். காயும்போது கண் எரிகிறதே, அதில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. பிள்ளை இருக்கிற அறைக்கு அது ஆகாது.

கே: நிலைப்படிக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசுகிறோம். பிரெஞ்சு பாலிஷ் போட்ட படி வெளுத்துத் திட்டுத்திட்டாக ஆகிவிட்டது.
– வாசகி, மதுரை

ப: வாரம் ஒரு தடவை தண்ணீரும் மஞ்சளும் குழைத்து அப்பினால் அரக்கு என்ன செய்யும் பாவம். படிக்கு மட்டும் மேட் பி.யு. போட்டு, மற்ற நிலைக்கும் கதவுக்கும் எது பிடிக்குமோ போடுங்கள். சில பேர் பாலிஷையே மஞ்சள் கலரில் அடித்துவிட்டு ‘நிரந்தர மஞ்சள்’ என்கிறார்கள். அது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சமாசாரம், நான் தலையிடவில்லை. மஞ்சள் கறை நிற்கிறதே என்ற கவலை வேண்டாம், வெயில் படுகிற படியில் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

கே: ஆளிவிதை எண்ணெய் மலிவு, பூசவும் சுலபம் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

ப: உண்மை. காயும் எண்ணெய் அது, தேங்காயெண்ணெய் மாதிரி இல்லை. டர்பன்டைன் பாதி கலந்து துணியால் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் தேக்கு, வேங்கை எல்லாம் உள்ளிருந்து ஒளிவிடும். தண்ணீருக்குப் பெரிய தடுப்பு இல்லை. வருஷம் ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும்.

ஆனால் அந்தத் துணி. அதைப் பற்றித்தான் எல்லோரும் பேச மறப்பார்கள். 1986 வாக்கில் ஒரு நாள் பட்டறையைப் பூட்டும்போது, எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மரத்தூள் சாக்கில் திணித்துவிட்டுப் போனேன். ராத்திரி பத்தரைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்தார். பூட்டைத் திறந்தால் புகை. யாரும் பீடி குடிக்கவில்லை, கரண்ட் கோளாறும் இல்லை. எண்ணெய் காயும்போது சூடு விடும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும், சுருட்டிய துணியில் போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகக் கொடியில் விரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மூடியுள்ள டின்னில் தண்ணீர் ஊற்றி மூழ்கடியுங்கள். மலிவு எண்ணெய் என்று வீட்டையே விலைக்குக் கொடுக்காதீர்கள்.

கே: கார்த்திகையில் கிரகப்பிரவேசம். ஐப்பசியில் பாலிஷ் வேலையை முடித்துவிடலாமா?
– வாசகர், சென்னை

ப: ஐப்பசியில் அடைமழை. காற்றில் ஈரம் ஏறினால் லாக்கரும் அரக்கும் காயும்போதே பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். புரட்டாசிக்குள் முடியுங்கள், முடியாவிட்டால் சீலரோடு நிறுத்திவிட்டுக் கிரகப்பிரவேசம் நடத்துங்கள். தை வெயிலில் மேல்கோட் போட்டுக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் பாலிஷ் பார்க்க வரவில்லை, சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

கே: உரித்த பலா மரப் பெட்டி. குண்டூசித் துளை மாதிரி நிறைய ஓட்டை. தட்டினால் மாவு கொட்டுகிறது. பட்டி வைத்து அடைத்து, பாலிஷ் போட்டுவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: அவசரப்படாதீர்கள். மாவு கொட்டுகிறது என்றால் உள்ளே குடித்தனம் இருக்கிறது. வண்டு மரத்தின் திறந்த துளையில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளரும், வளர்ந்த வண்டு துளைபோட்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கிற ஓட்டை வெளியே போனவன் போட்டது. பாலிஷ் போட்டால் புது வண்டு முட்டையிட இடம் கிடைக்காது, அது சரி. உள்ளே இருக்கிறவன் பாலிஷையும் துளைத்துக்கொண்டு வருவான்.

மரத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஊசியில் ஏற்றி ஒவ்வொரு துளையிலும் செலுத்துங்கள். ஒரு துளையில் விட்டால் பக்கத்துத் துளையில் வழியும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. பிறகு பெட்டியைச் சுத்தமாகத் துடைத்து, சுவரை விட்டுத் தள்ளி, அடியில் கறுப்புத் துணியோ கறுப்புச் சார்ட் தாளோ விரித்து வையுங்கள். வாரம் ஒரு தடவை தாளில் புது மாவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தத் துளைக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் துளைக்குத் திரும்ப ஊசி. மாசி முடியும் வரை தாள் கறுப்பாகவே இருந்தால் எனக்கு எழுதுங்கள். பட்டிக்கு என்ன நிறம் கலப்பது என்று அப்போது சொல்கிறேன்.